தொழுவத்தில் நின்ற ஸ்ப்ளெண்டர் எஃப்.சி. தாண்டுமா?

பேரணாம்பட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுடைய 2003 மாடல் ஸ்ப்ளெண்டர், மூன்று வருஷமாக மாட்டுத்தொழுவத்தில் நிற்கிறது. அப்பாவுக்கு மூட்டுவலி, ஓட்டுவதை விட்டுவிட்டார். 2018இல் ஒருமுறை எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டி ஐந்து வருஷம் வாங்கினார்கள், அதுவும் 2023இல் முடிந்துபோனது. இங்கிலாந்தில் இருக்கும் மாமா போனில், "இங்கெல்லாம் வருஷா வருஷம் சோதனை, பழைய வண்டி வைத்திருக்கிறவன் ஒவ்வொரு தடவையும் பரீட்சை ரிசல்ட் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருப்பான், பேசாமல் காயலான் கடைக்குத் தள்ளு" என்றாராம். இங்கேயும் அப்படித்தானா, இவ்வளவு வயதான வண்டி தாண்டுமா, இந்தத் தடவை தாண்டினாலும் அடுத்த தடவையும் தாண்டும் என்று எதை நம்பிச் செலவு செய்வது என்பது அவர் கேள்வி.

இங்கே சட்டம் வேறு, தம்பி. சொந்த உபயோகத்துக்கான பைக்குக்கு நம் ஊரில் வருஷாந்திரச் சோதனை கிடையாது. புது வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டினால் ஐந்து வருஷம், மறுபடி காட்டினால் இன்னொரு ஐந்து வருஷம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். பத்து வருஷம், பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று டி.வி.யில் வருவதெல்லாம் டெல்லி சமாசாரம். நாம் எல்லோரும் எஃப்.சி. என்றுதான் சொல்கிறோம், ஆனால் தாளில் அதன் பெயர் பதிவுப் புதுப்பிப்பு. நிஜ எஃப்.சி. என்பது லாரி, வேன், ஆட்டோ மாதிரி வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு. எட்டு வயது தாண்டினால் வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. சோதனை மைதானத்துக்குப் போக வேண்டியது அவைதான்.

உங்கள் மாமா சொல்வது அந்த நாட்டு எம்.ஓ.டி. சோதனை. மூன்று வயதானதும் பைக்குக்கும் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. வேடிக்கை என்னவென்றால், 40 வயது தாண்டி, பெரிதாக எதையும் மாற்றாமல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கேயே அது கட்டாயமில்லை. மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சோதனையில் நாம் எடுத்துக்கொள்ள ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நம்மிடம் அடிக்கடி வரும் ஒரே சோதனை புகைச் சான்று. பி.எஸ். 4 (அரசின் புகைக் கட்டுப்பாட்டு அளவுகோல்), அதற்குப் பிந்திய வண்டிகள் என்றால் ஒரு வருஷம் செல்லும், உங்களுடையது மாதிரிப் பழசுக்கு ஆறு மாதம்.

சரி, தாண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். காட்பாடிப் பக்கம் நான் பட்டறை போட்டு முப்பது வருஷம் ஆகப்போகிறது. டி.என். 23 என்று வேலூர் நம்பர் எழுதிப் புதுசாக வந்த வண்டிகள் இன்றைக்குக் கிழடாகி என்னிடமே வருகின்றன. ஆட்களுக்கு வேலை இருந்தால் நானே ஓட்டிக்கொண்டு போய் மைதானத்தில் காட்டிவிட்டும் வருவேன். வண்டிக்கு என்ன வயது என்று கேட்டு, அது தாண்டுமா திரும்புமா என்று என்னால் சொல்ல முடிந்ததே இல்லை. கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று கேட்டால் ஓரளவு சொல்லிவிடுவேன்.

2025இல் ஒரே வாரத்தில் இரண்டு வண்டி எஃப்.சி.க்கு வந்தன. ஒன்று அணைக்கட்டுப் பக்கத்துப் பால்காரருடையது, 2000 மாடல் ஸ்ப்ளெண்டர். பெயின்ட் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம் டேங்க் மூடியைச் சுற்றி மட்டும்தான். விடிகாலையில் இரண்டு பக்கமும் கேன் தொங்க ஊசூர் வழியாக வேலூருக்கு வரும், பத்து மணிக்குத் திரும்பும். மழையோ பண்டிகையோ, மாடு கறப்பதை நிறுத்தாதவரைக்கும் அந்த வண்டிக்கு லீவு இல்லை. இன்னொன்று சத்துவாச்சாரியில் ஒருவர் கவர் போட்டு மூடி வைத்திருந்த 1995 மாடல் ஆர்.எக்ஸ். 100. டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வாரத்துக்கு ஒருமுறை துணியால் துடைப்பார், மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திய இடத்திலேயே ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார்.

பால் வண்டியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள் கேட்டது ஒரே ஒரு வேலை. கேன் மாட்டப் பற்றவைத்திருந்த இரும்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு வா என்றார்கள். கழற்றினோம், முடிந்தது. (மறுநாள் காலையில் கொக்கி பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்பது வேறு கதை.) ஆர்.எக்ஸ். திரும்பி வந்தது. முன் பிரேக் கேம் இறுகிப்போய், லீவரை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே நின்றது. ஹார்ன் காற்றுப் போன மாதிரி முனகியது. டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு) முழுசாக இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் விரல் ரேகை மாதிரி வெடிப்பு. சத்தத்துக்காக சைலன்சருக்குள் இருக்கும் பாஃபிள் குழாயை உருவிப் போட்டிருந்தார், அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இஞ்சின்? ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் இஞ்சின். அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய வண்டி என்றதும் எல்லோரும் பயப்படுவது இஞ்சினைப் பார்த்து. பிரேக் இன்ஸ்பெக்டர் (போர்டில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றுதான் இருக்கும், நம் வாயில் இன்னும் இதுதான்) உங்கள் வண்டியை மேட்டில் ஏற்றி இழுவை பார்க்கப் போவதில்லை. அவர் முதலில் குனிவது நம்பரைப் பார்க்க.

சேசிஸ் நம்பர் ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். இஞ்சின் நம்பர் கீழே கிராங்க் கேஸில். இருபது வருஷத்துச் சேறும் ஆயிலும் சேர்ந்து அந்த இடத்தில் ஒரு அடை தட்டியிருக்கும். அதற்கு மேல் யாராவது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம். ஆர்.சி.யில் உள்ள எழுத்தும் இரும்பில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று அவர் பார்க்க வேண்டும், பென்சில் தேய்த்து எடுத்த பிரிண்ட்டும் கேட்பார்கள். நான் பார்த்த அளவில் பழைய வண்டிகள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

சுத்தம் செய்வதில் ஒரு முறை இருக்கிறது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் பழைய டூத் பிரஷ். துரு இருந்தால் பித்தளை பிரஷ்ஷால் லேசாக. காய்ந்த பிறகு வெள்ளைச் சாக்பீஸைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்துத் துணியால் ஒரு துடை துடைத்தால், குழிக்குள் மட்டும் வெள்ளை நின்று நம்பர் பளிச்சென்று தெரியும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பிரிண்ட் வந்துவிடும். எமரித் தாள், கிரைண்டிங் வீல் பக்கம் மட்டும் போகாதீர்கள். நம்பரைச் சுற்றி இரும்பு பளபளத்தால், திருட்டு வண்டி நம்பரை அழித்துவிட்டு அடித்தது மாதிரிதான் தெரியும். அங்கிருந்து வரும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது.

இதைவிடச் சிக்கல், இஞ்சின் நம்பரே வேறாக இருப்பது. ஆர்.எக்ஸ். வண்டிகளில் இது ரொம்பச் சகஜம். 1996இல் நின்றுபோன வண்டி, கனெக்டிங் ராடு உடைந்து கேஸ் ஓட்டையானால் யாரோ எப்போதோ வேறு வண்டியின் கேஸைப் போட்டிருப்பார்கள். அடுத்த ஆள் அது தெரியாமலே வாங்கியிருப்பார். செகண்ட் ஹேண்டில் பழசு வாங்க நினைப்பவர்கள் சத்தத்தைக் கேட்டு மயங்கும் முன், குனிந்து அந்த நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் வண்டி அப்பா வாங்கியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறது என்பதால் அந்தப் பயம் இல்லை.

அடுத்தது பிரேக். மைதானத்தில் அவர் செய்வது எளிமையான வேலை. சில சமயம் தானே ஏறிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பிடிப்பார், சில சமயம் நம்மை ஓட்டிக் காட்டச் சொல்வார். இந்தச் சோதனையைத் தாண்டுவது கடினமில்லை. பிரச்சினை, அதைத் தாண்டியதாலேயே பிரேக் நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வது. பீஞ்சமந்தையிலிருந்து ஜவ்வாது மலை ரோட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிப் பாருங்கள், பாதி மலையிலேயே ட்ரம் சூடேறிப் பிரேக் மிதி பஞ்சு மாதிரி ஆகும்.

நின்ற வண்டியின் ட்ரம்மை ஒருமுறையாவது திறந்தே ஆக வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி, பிளேட்டை எடுத்தால் உள்ளே கறுப்புத் தூள் கொட்டும். ஊதாதீர்கள், அது நுரையீரலுக்கு ஆகாது, ஈரத் துணியால் துடையுங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் அது பிடிக்காது. கனம் இருந்தால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கலாம், தேய்ந்திருந்தால் ஷூவை மாற்றுவதுதான் வழி. ட்ரம்மில் விரல் விட்டுச் சுற்றுங்கள், ஓரத்தில் விளிம்பு தட்டினால் ட்ரம் தேய்ந்திருக்கிறது. கடைசியாக அந்தக் கேம். இரண்டு ஷூவையும் அகட்டுகிற சின்ன இரும்புத் தண்டு. அதை உருவி எடுத்து, துரு நீக்கி, நுனிவிரல் அளவு கிரீஸ் தடவிப் போட்டால் மிதித்ததும் பிடிக்கும், விட்டதும் விடும். கிரீஸ் அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கிவிடும், வந்த வேலையே கெட்டுப்போகும். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் வெளியே இருக்கும் நட்டை முறுக்கிக்கொண்டே போகிறவர்கள் உள்ளே இருக்கும் இந்தத் தண்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

முன்பக்கம் ஃபோர்க். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்தால் முன்சக்கரம் தூக்கும். ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்திருக்கிற மாதிரி இருந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) போய்விட்டது. நம் ஊர் வண்டிகளில் இது சீக்கிரம் போகும், வேகத்தடையில் விழுந்து விழுந்து. ஃபோர்க்கின் கீழ்க் குழாயைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடவென்றால் அதே கதைதான். ஆயில் சீல் ஒழுகினால் குழாயில் ஈரமான தூசி ஒட்டியிருக்கும், தடவினாலே தெரியும்.

டயருக்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது. டூ வீலருக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் நின்ற வண்டியில் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலில் ரப்பர் ஓடாமலே செத்துப்போகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் அடித்திருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2314 என்று இருந்தால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்தது. அப்படி ஒன்று உங்கள் வண்டியில் இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹார்ன் எல்லாம் சில்லறை விஷயம், ஆனால் நம்பருக்கு அடுத்தபடி பல பேரைத் திருப்பி அனுப்புவது அதுதான். என் சொந்த வண்டியே ஒருமுறை ஹார்னால் திரும்பி வந்தது. பட்டறைக்காரன் வண்டி! காலையில் அடித்துப் பார்த்தேன், அடித்தது. மைதானத்தில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, என் முறை வந்தபோது செத்த பேட்டரி கைவிட்டது. கூட வந்த பையன் இன்றுவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அதனால் இஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு பார்க்காதீர்கள்.

உங்கள் வண்டிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொழுவத்தில் நின்றது என்கிறீர்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாடை செம்பையும் பித்தளையையும் தின்னும். ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தால் ஒயர் முனைகள் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருக்கும். பல்பு நன்றாக இருக்கிறது, பேட்டரி புதுசு, ஆனால் லைட் எரியாது என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு முனையாகக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். சைலன்சரின் அடிப்பக்கத்தையும் ஸ்போக் கம்பிகளையும் தட்டிப் பாருங்கள். சத்தம் மொத்தையாக வந்தால் சைலன்சர் உள்ளே அரித்திருக்கிறது, ஸ்போக் என்றால் தளர்ந்திருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும், சாரி கார்டு வேண்டும், பின்னால் உட்காருகிறவர் பிடிக்கக் கைப்பிடி வேண்டும். பல ராகத்தில் பாடும் ஹார்ன் கூடாது. நம்பர் பிளேட்டில் கட்சிக் கொடி, தலைவர் படம், வளைத்து வளைத்து எழுதிய எழுத்து எதுவும் வேண்டாம். பின் பிளேட்டில் எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40 மில்லிமீட்டர், முன்னால் இரண்டும் 30 மில்லிமீட்டர் என்று விதியே இருக்கிறது. ஏ.பி.எஸ். இல்லையே, பகலில் தானாக எரியும் லைட் இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். அதெல்லாம் பின்னால் வந்த சட்டம், உங்கள் வண்டி பிறந்தபோது இல்லாததை அதனிடம் கேட்க மாட்டார்கள்.

புகை. 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 4-க்கு முந்திய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோ கார்பன் 4,500 பி.பி.எம். வரை போகலாம். டூ ஸ்ட்ரோக்குக்கு ஹைட்ரோ கார்பன் 6,000 வரை விட்டிருக்கிறார்கள். எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறுவது அந்த இஞ்சினின் பிறவிக் குணம், அதனால் இந்தச் சலுகை. 2000க்கும் முந்திய கிழங்களுக்கு இன்னும் தாராளம், 4.5 சதவீதமும் 9,000-உம். ஒழுங்காக ட்யூன் செய்த ஸ்ப்ளெண்டர் இந்த அளவுக்கெல்லாம் பக்கத்திலேயே வராது. தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், சோக் பாதி திறந்த நிலையில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் வண்டியைக் குளிரக் குளிரக் கொண்டுபோயிருப்பீர்கள். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு குழாயில் சென்சாரை விடச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், சின்ன வேலை. முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வேலை வரைக்கும் போகலாம்.

காகிதம் பக்கம் வருவோம், உங்களுக்கு அதிகம் வலிக்கப்போவது இங்கேதான். மத்திய விதிப்படி 20 வயது தாண்டிய பைக்குக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். அதற்கு முன் 1,000. காலாவதியான பிறகு தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் பைக்குக்கு 300 ரூபாய் கூடுதல் என்று அதே விதிகளில் இருக்கிறது, இரண்டு வருஷத் தாமதம் என்றாலே 7,200. இதோடு மாநிலத்தின் பசுமை வரி. இன்சூரன்ஸ், தர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள வண்டிக்கு வருஷத்துக்கு 714 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கட்ட வேண்டிய மொத்தத் தொகை வரும். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். காலாவதியாக 60 நாள் இருக்கும்போதே 25ஆம் படிவத்தில் விண்ணப்பித்துவிடலாம், தாமதக் கட்டணம் என்ற பேச்சே வராது. அதை அடுத்த தடவைக்கு நினைவில் வையுங்கள்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா பாருங்கள். குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருவர் 2002இல் தவணையில் வாங்கி, 2005இல் கடைசித் தவணையும் கட்டிவிட்டார். ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) கேன்சல் செய்ய யாரும் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஃபைனான்ஸ் இருந்த மாடியில் இப்போது பிரியாணிக் கடை. கடன் முடிந்ததற்கான கடிதமும் 35ஆம் படிவத்தில் கையெழுத்தும் வாங்க அவர் அலைந்த அலைச்சலில் இரண்டு பின்டயர் தேய்ந்திருக்கும். வண்டி அப்பா பெயரில்தான் இருக்கிறது என்றால் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும், அவருடைய போன் நம்பர் இணைந்திருக்க வேண்டும். முகவரியும் சரியாக இருக்கட்டும்.

இப்போது அந்த எம்.ஓ.டி. விஷயம். அங்கே பாஸ், ஃபெயில் என்பதோடு நிறுத்த மாட்டார்கள். பாஸ் ஆன வண்டிக்கும், "பின்டயர் தேய்ந்து வருகிறது, முன்ஃபோர்க்கில் லேசாகக் கசிவு" என்று அறிவுரையாக எழுதிக் கொடுப்பார்கள். அது பதிவாகவும் இருக்கும், வண்டி எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் பழைய சோதனைகளைப் பார்க்கலாம். வண்டி எந்தப் பக்கம் சரிந்துகொண்டு போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். நம்மிடம் அது இல்லை. இன்றைக்குப் பாஸ் போட்டார்கள் என்றால் இன்றைக்கு அந்த மைதானத்தில் அது நின்றது, எரிந்தது, அடித்தது, அவ்வளவுதான். அடுத்த ஐந்து வருஷத்துக்கு யாரும் அதைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. அடுத்த தடவையும் தாண்டும் என்று எதை நம்புவது என்று கேட்டீர்களே, இன்ஸ்பெக்டர் போட்ட கையெழுத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

நான் என் வாடிக்கைக்காரர்களிடம் ஒன்று சொல்வேன். வருஷத்தில் ஒரு நாள் நாம் எல்லோரும் வண்டியைக் கழுவுகிறோம், ஆயுத பூஜை அன்றைக்கு. சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள். ட்ரம், ஷூ, கேம், கோன் செட், டயர், ஒயர் முனை. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, கிலோமீட்டர் போட்டு, பார்த்ததை எழுதுங்கள். "ஷூ பாதி தேய்ந்திருக்கிறது" என்று போன வருஷம் எழுதியிருந்தால் இந்த வருஷம் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பால்காரர் எழுதுவதில்லை, ஆனால் தினமும் ஓட்டுவதால் அந்தக் கணக்கு அவர் காலிலும் காதிலும் இருக்கிறது. பிரேக் மிதி கால் அங்குலம் இறங்கினாலும் அன்றைக்கே வந்து நிற்பார்.

உங்கள் வண்டிக்கு என் அபிப்பிராயம் இது. 2003 ஸ்ப்ளெண்டருக்கு வேலூரில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் எல்லாச் சாமானும் கிடைக்கும். பழைய யெஸ்டி, ராஜ்தூத் பைக் என்றால் நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன். மேலே சொன்ன வேலைகளைச் செய்தால் சோதனையைத் தாண்டிவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியது தாமதக் கட்டணத்தை. அதையும் டயர், பேட்டரி, பிரேக் வேலையையும் கூட்டினால், இந்த வயது வண்டி இப்போது விற்கும் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள், அல்லது அப்பா ஓட்டிய வண்டி என்பதற்காகச் செய்யுங்கள், இரண்டும் நியாயம்தான். மறுபடி தொழுவத்திலேயே நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தைச் செலவு செய்யாதீர்கள்.

செய்வதென்று முடிவானால் சில விஷயம். பதிவு முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது, குட்டியானையில் ஏற்றி பட்டறைக்குக் கொண்டு போங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுசாக இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அடியில் துரு கட்டியிருக்கும், அது கார்பரேட்டர் ஜெட்டுக்குள் போனால் இன்னொரு நாள் வேலை. பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக நாலைந்து தடவை அழுத்துங்கள், ரிங் ஒட்டியிருந்தால் விடும். அதற்கும் முன்னால் சைடு கவரைக் கழற்றி ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். மூன்று வருஷம் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்ற வண்டி. எலி குட்டி போட்டிருக்கும்.